பலகையும் கோடும் காக்கும் சாலை

சாலைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் சாதனங்கள் மூன்று: ஓரத்தில் நிற்கும் பலகை, தார் மேல் இழுத்த கோடு, சந்திப்பில் எரியும் சிக்னல் விளக்கு. நகரத்தில் இவற்றுக்குத் துணையாகக் காவலர் நிற்பார், கேமரா இருக்கும். நெரிசலே வண்டிகளின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். கிராமப்புறச் சாலைக்கு அந்தத் துணை கிடையாது. சாலை காலியாகக் கிடக்கும், வேகம் தானாக ஏறும், பொழுது சாய்ந்த பிறகு வண்டியின் முகப்பு விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இராது. அங்கே ஓட்டுநரை எச்சரிக்கப் பலகையையும் கோட்டையும் விட்டால் வேறு ஆளில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் இறந்தது ஊரகப் பகுதிகளில்தான். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடத்தில் நின்ற மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் பெயர்பெற்ற இந்தப் பேரூராட்சியிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி, மதுராந்தகம் என்று நான்கு திசைகளுக்கும் சாலைகள் பிரிகின்றன. ஊரைத் தாண்டினால் நடுவில் தடுப்பு இல்லாத சாலைகளே அதிகம். கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் டிப்பர் லாரி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ், கரும்பு டிராக்டர், ஷேர் ஆட்டோ, மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே தார்தான். மணிக்கு 10 கிலோமீட்டரில் நகரும் ஒன்றின் பின்னால் 70 கிலோமீட்டரில் வரும் ஒன்று. இந்த வேக வித்தியாசமே ஊரகச் சாலையின் தனி ஆபத்து. இதைச் சமாளிக்கும் வேலைதான் பலகைக்கும் கோட்டுக்கும்.

சாலைக் குறியீடு எழுத்தை நம்பி இருக்கக் கூடாது என்பது அதன் முதல் விதி. ஓடும் வண்டியில் இருப்பவருக்குப் படிக்க நேரம் இல்லை. பலருக்கு அந்த மொழி தெரியாது. சிலருக்கு எழுத்தே தெரியாது. இந்தச் சிந்தனை நம் நாட்டுக்குப் புதிதன்று. தர்மபுரி மாவட்டத்தில் கிடைத்த ‘அதியமான் பெருவழி’க் காதக்கல்லில் நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்பதை எழுத்திலும் எண்ணிலும் பொறித்ததோடு நில்லாமல், பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத மாட்டுவண்டிக்காரரும் வணிகச் சாத்தோடு வந்த வெளியூராரும் குழியை எண்ணித் தொலைவைத் தெரிந்துகொள்ள முடிந்தது.

இன்றைய குறியீடுகள் அதே வேலையை வடிவத்தாலும் நிறத்தாலும் செய்கின்றன. 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை உலக நாடுகளின் சாலைக் குறிகளை ஒருமுகப்படுத்தியது. இந்தியா அதில் 1980இல் சேர்ந்தது. 1934இல் தோன்றிய இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு பலகைகளுக்கான விதித்தொகுப்பை 1977இல் வெளியிட்டுப் பிறகு பலமுறை திருத்தியிருக்கிறது. அதன்படி கட்டளைப் பலகை வட்டம். சிவப்பு வளையம் போட்டிருந்தால் ‘கூடாது’ அல்லது ‘இதற்கு மேல் கூடாது’; நீல வட்டமாக இருந்தால் ‘இப்படித்தான் போக வேண்டும்’. எச்சரிக்கைப் பலகை சிவப்பு ஓரம் கொண்ட முக்கோணம். தகவல் பலகை செவ்வகம்; மருத்துவமனை, பெட்ரோல் பங்க், முதலுதவி போன்றவற்றை நீல நிறத்தில் காட்டும். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் ஊர்ப்பெயரும் தொலைவும் காட்டும் பெரிய பலகை பச்சை. நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை.

வட்டத்தில் அடங்காத கட்டளைகள் இரண்டு. ‘நில்’ என்பது எண்கோணம். ‘வழி விடு’ என்பது தலைகீழ் முக்கோணம். காரணம் எளிது: பலகை மேல் சேறு அப்பியிருந்தாலும், எதிர்த்திசையிலிருந்து அதன் முதுகுப்புறம் மட்டும் தெரிந்தாலும், வடிவத்தை வைத்தே அதை அடையாளம் காண வேண்டும். எண்கோணத்தை அமெரிக்க மாநிலங்களின் சாலைத் துறையினர் 1923இல் தேர்ந்தெடுத்தார்கள். வெயிலில் வெளிறாத சிவப்புச் சாயம் அப்போது இல்லாததால் அங்கே அது 1954 வரை மஞ்சள் நிறத்திலேயே இருந்தது.

கிராமப்புறத்தில் அதிகம் உயிர் காப்பது எச்சரிக்கை முக்கோணம். உத்திரமேரூர் வட்டாரம் ஏரிகளின் நாடு. ஏரிக்கரையை ஒட்டியோ கரையின் மேலேயோ போகும் சாலைகள் கரை வளையும் இடத்தில் தாமும் வளைகின்றன. நேராக வந்த வண்டிக்கு அந்த வளைவு திடீரென்று எதிர்ப்படும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே வயல். சாலைப் பொறியியல் நூல்கள் சொல்லும் ஏற்பாடு இப்படி: வளைவுக்கு முன்னால் இடப்புறத்தில் முக்கோணப் பலகை, வளைவின் வெளி ஓரம் முழுக்க அம்புத்தலை போட்ட பலகைகள் வரிசையாக, கரையோரம் கறுப்பு வெள்ளை பூசிய காவல் கற்கள் அல்லது உலோகத் தடுப்பு. அம்புத்தலைப் பலகைகளின் பயன் இரவில்தான் முழுமையாகத் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பலகைகள் கண்ணில் படும்படி நட்டிருந்தால், அவை வளைந்து செல்லும் விதத்திலிருந்தே வளைவு எவ்வளவு கடுமையானது என்று ஓட்டுநரின் கை அறிந்துகொள்ளும். ஒன்று விழுந்து கிடந்தால் வரிசை உடைந்துவிடும். நேர்ச்சாலை என்ற தவறான எண்ணத்தைக்கூட அது தரலாம். ஆகவே விழுந்ததை அன்றே நிமிர்த்த வேண்டும்.

குறுகிய சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரிலும் ஓரத்துப் புளியமரத்திலும் பூசும் வண்ணமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பாலத்தின் முனையில் மஞ்சளும் கறுப்புமாகச் சாய்கோடு போட்ட பலகை நிற்கும். அந்தக் கோடுகள் வண்டி போக வேண்டிய பக்கமாகக் கீழே சரியும். சாய்வைத் தலைகீழாக நட்டால் அது சுவரை நோக்கியே வழிகாட்டும். செய்யாற்றிலும் பாலாற்றிலும் தண்ணீர் வரும் காலத்தில் தரைப்பாலங்களுக்கு இன்னொரு சாதனம் வேண்டும்: பாலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று காட்டும் அளவுக்கம்பம். ஓடும் தண்ணீரின் ஆழம் கண்ணுக்குப் பிடிபடாது. கம்பத்தில் எண்ணைப் பார்த்துத்தான் துணிய வேண்டும், அல்லது திரும்ப வேண்டும்.

பலகையை எங்கே நடுவது என்பது அதை எழுதுவதைவிட முக்கியம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை நொடி ஆகும் என்று பொறியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளேயே 42 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 40 மீட்டர் அளவில் தேவை. மொத்தம் 80 மீட்டர். வேகம் 80 ஆனால் இந்தத் தொலைவு 120 மீட்டராகிறது. 100 ஆனால் 180. வேகம் கூடுவதைவிட நிற்கும் தொலைவு வேகமாகக் கூடுகிறது. இதை வைத்துத்தான் சமவெளியில் தேசிய, மாநில நெடுஞ்சாலையில் ஆபத்துக்கு 120 மீட்டர் முன்பும், மாவட்ட முக்கியச் சாலையில் 90 மீட்டர் முன்பும், கிராமச் சாலையில் 40 மீட்டர் முன்பும் எச்சரிக்கைப் பலகை நிற்க வேண்டும் என்று பழைய விதித்தொகுப்பு வகுத்தது. புதிய தொகுப்பு சாலையின் வகைக்குப் பதிலாக அதன் வேகத்தை அளவுகோலாகக் கொள்கிறது. பள்ளிக்கூட வாசலிலேயே ‘பள்ளி’ என்று பலகை நடுவது வாசலுக்கு அழகு சேர்க்கலாம், லாரியை மெதுவாக்காது.

பகலில் நல்ல பலகை இரவில் பயனற்றதாகிவிடலாம். சாதாரண வண்ணம் தன் மேல் விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புவது மிகக் கொஞ்சம். சாலைப் பலகையில் ஒட்டும் தாள் அப்படிப்பட்டதன்று. அதனுள் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதிந்திருக்கின்றன. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்கு அவை திருப்பி அனுப்பும். டார்ச் விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பலகை மேல் அடித்தால் அது பளீரென்று எரியும். அதே டார்ச்சை இன்னொருவர் கையில் கொடுத்துச் சில அடி தள்ளி நிற்கச் சொல்லி அடித்தால் மங்கிவிடும். யாருடைய விளக்கோ அவருக்கே அதன் வெளிச்சம் திரும்புகிறது. எதிரே வரும் வண்டிக்காரரின் கண்ணைப் பலகை கூசச் செய்யாததற்கும் இதுதான் காரணம். இந்தத் தாளில் பல தரங்கள் உண்டு; மலிவான தரம் சில ஆண்டு வெயிலில் வெளுத்து, பகலில் பார்க்கச் சுத்தமாகவும் இரவில் செத்தும் கிடக்கும். ஆகவே பலகைகளை ஆய்வு செய்யச் சரியான நேரம் இரவு. பகல் ஆய்வில் தேறிய பலகைகளில் பல இரவில் தேறாது.

சாலைக் கோடுகளின் சூட்சுமமும் கண்ணாடி மணிதான். நெடுஞ்சாலையில் கோடு இழுக்கும் பொருள் வெறும் பெயிண்ட் அன்று. தெர்மோபிளாஸ்டிக் என்ற கலவை. அதை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருக்கி, தள்ளுவண்டி போன்ற கருவியால் இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் தார் மேல் இழுப்பார்கள். சூடு ஆறுவதற்குள், கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகளைச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிராம் வீதம் அதன் மேல் தூவ வேண்டும். மணி பாதி புதைந்து பாதி வெளியே தெரிய வேண்டும். முழுதும் புதைந்தால் ஒளிராது. மேலாக நின்றால் டயர் பட்டு உதிர்ந்துவிடும். கோடு ஆறுவதற்கு முன் தூவினார்களா என்பது இரவில் முதல் வண்டி வரும்போதே தெரிந்துவிடும். மழையில் மணிகளைத் தண்ணீர் மூடிக்கொள்வதால் கோடு மறையும். அதற்காகத்தான் ஒளிரும் குமிழ்களைச் சாலையில் பதிக்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா 1934இல் உருவாக்கிய ‘பூனைக்கண்’ணின் வழிவந்தவை அவை.

நடுக்கோட்டின் வரலாறு இன்னும் பழையது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் ஹைன்ஸ் என்ற சாலை ஆணையர் 1911இல் சாலை நடுவே கோடு போட வைத்தார். அதன் இலக்கணம் இன்றும் எளிமையானதே. விட்டு விட்டுப் போகும் கோட்டை, எதிரே வண்டி இல்லாதபோது தாண்டி முந்தலாம். தொடர்ந்து போகும் கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, தன் பக்கத்துக் கோடு விட்டு விட்டு இருந்தால் தாண்டலாம். தன் பக்கத்துக் கோடு தொடர்கோடாக இருந்தால் கூடாது. வளைவு நெருங்கும்போது கோட்டுத் துண்டுகளின் இடைவெளி குறையும். அதைக் கவனிக்கும் ஓட்டுநருக்கு முக்கோணப் பலகை மரக்கிளையில் மறைந்திருந்தாலும் வளைவு வருவது தெரிந்துவிடும்.

ஆனால் 3.75 மீட்டர் அகல ஒற்றைத்தடச் சாலையில் நடுக்கோட்டுக்கு இடமில்லை. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் இரண்டும் ஆளுக்கு ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும். அங்கே வேண்டியது ஓரக்கோடு. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் பல சாலைகளில் படி போன்ற பள்ளம் இருக்கிறது: மேலே மேலே தார் போட்டதால் சாலை உயர்ந்தது, மண்ணை யாரும் கொட்டி நிரவவில்லை. எதிர் வண்டியின் ஹெட்லைட்டில் கண் கூசிய இருசக்கர ஓட்டுநர் அந்தப் படியில் சறுக்கி விழுவது அன்றாடம். இடப்புறம் வெள்ளைக்கோடு ஒன்று ஓடினால் கூசிய கண் அதைப் பிடித்துக்கொண்டு போகும். ஊரகச் சாலைக்கு ஒரே ஒரு கோடு போடத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை ஓரத்தில் போடுவதே நியாயம். கோட்டின் இன்னொரு பகை புதுத் தார். சாலையை மறுபடி போட்டதும் எல்லாக் கோடும் புதைந்துவிடும், வேகம் கூடும், கோடு வரும் வரையிலான இடைவேளை மிக ஆபத்தானது.

அறுவடைக் காலத்தில் ஓரக்கோடே காணாமற்போகிறது. களம் இல்லாத ஊர்களில் நெல்லைச் சாலையில் கொட்டிக் காய வைக்கிறார்கள். வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கருங்கல்லை அடுக்குகிறார்கள். விவசாயிக்கு வேறு வழியில்லை என்பது உண்மை. ஆனால் மாலையில் நெல்லை வாரிய பிறகு கல் அங்கேயே கிடக்கிறது. இருட்டில் அந்தக் கல்லுக்கு எந்தக் குறியும் கிடையாது. பழுதாகி நின்ற லாரியின் பின்னால் மரக்கிளையும் கல்லும் வைப்பதும் இதே கதைதான்: லாரி கிளம்பிவிடும், கல் நின்றுவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 80 மீட்டர் வேண்டும்; டிம்மில் போட்ட பைக் விளக்கு அவ்வளவு தூரத்துக் கருங்கல்லைக் காட்டாது. மடக்கி வைக்கக்கூடிய ஒளிரும் முக்கோணம் ஒன்று வண்டியில் இருந்தால் கல்லுக்குத் தேவையே வராது. கரும்பு டிராக்டரின் டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை ஒட்டுவதும் அப்படியே. செலவு சில நூறு ரூபாய்தான். கரும்பு பட்டையை மறைக்காமல் ஏற்றுவது அதனினும் முக்கியம்.

ஓர் உயிர் போனதும் கிராமம் கேட்பது பலகையை அன்று, வேகத்தடையை. சாலை மறியல் நடக்கும், பேச்சுவார்த்தை நடக்கும், மறுநாளே ஒரு வண்டி ஜல்லியும் தாரும் வந்து இறங்கும். மக்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் எழுப்பிய மேடு பல நேரம் இன்னொரு ஆபத்தாகிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988இல் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரமே இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி குலுங்காமல் ஏறி இறங்க வேண்டும், அதைவிட வேகமாக வந்தால் மட்டுமே குலுங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அரை மீட்டர் அகலத்தில் சுவர் போல எழுப்பிய மேடு எந்த வேகத்தில் வந்தாலும் உதைக்கும். ஆம்புலன்ஸில் படுத்திருக்கும் நோயாளியையும் பைக்கில் பின்னால் அமர்ந்திருக்கும் கர்ப்பிணியையும் அது ஒன்றுபோலத் தண்டிக்கும். வேகத்தடைக்கு 40 மீட்டர் முன்பு எச்சரிக்கைப் பலகை வேண்டும். மேட்டின் மேல் ஒளிரும் பட்டைகள் வேண்டும். வண்ணம் அழிந்த வேகத்தடை இரவில் வெறும் கறுப்பு மேடு. பெரிய சாலையின் குறுக்கே மேடு எழுப்புவதைவிட, அதில் வந்து சேரும் சிறு சாலையில் எழுப்புவதே முறை. கிளைச்சாலையிலிருந்து பாய்ந்து வரும் பைக்கைத்தான் முதலில் மெதுவாக்க வேண்டும்.

கூட்டு ரோடு என்று இந்தப் பகுதியில் சொல்லும் சாலைச் சந்திப்புகளில் யாருக்கு முதல் உரிமை என்ற கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. பிரதான சாலை என்று குறிக்கப்பட்ட சாலையில் நுழைபவர், அதில் போகும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். இரண்டும் சம அந்தஸ்துள்ள சாலைகள் என்றால் தனக்கு வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதலிடம். நடைமுறையில் பெரிய வண்டிக்கும் உரத்த ஹாரனுக்கும் உரிமை போய்விடுகிறது. கிளைச்சாலையின் வாயில் ஓர் எண்கோணப் பலகையும், தார் மேல் குறுக்கே ஒரு நிறுத்தக் கோடும் இருந்தால் அந்தச் சட்டம் கண்ணுக்குத் தெரியும். கூட்டு ரோட்டில் டீக்கடை, பூக்கடை, பஸ் நிறுத்தம், ஷேர் ஆட்டோ எல்லாம் முனையிலேயே கூடிவிடுவதால் கிளைச்சாலை வண்டிக்குப் பிரதான சாலை தெரிவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பஸ் நிறுத்தத்தைச் சந்திப்பிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி வைப்பது எந்தப் பலகையையும்விட நல்ல பலன் தரும்.

கூட்டு ரோட்டில் சிக்னல் வேண்டும் என்ற கோரிக்கையும் அடிக்கடி எழுகிறது. சிக்னல் விளக்கின் பிறப்பு லண்டனில்: 1868 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு அருகே எரிவாயுவில் எரியும் விளக்குக் கம்பம் ஒன்றை நட்டார்கள்; அடுத்த மாதமே அது வெடித்தது. மின்விளக்குச் சிக்னல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1914 ஆகஸ்ட் 5 அன்று வந்தது. தென்னிந்தியாவின் முதல் சிக்னல் 1953இல் சென்னை எழும்பூர்ச் சந்திப்பில் வைத்தது என்பார்கள். சிக்னல் எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. ஒருவழிக்கு ஒரு தடம் உள்ள சாலைகள் சந்திக்கும் இடத்தில், நாளில் எட்டு மணி நேரமாவது பெரிய சாலையில் மணிக்கு 650 வண்டியும் சிறிய சாலையில் ஒரு பக்கமிருந்து 200 வண்டியும் வர வேண்டும் என்பது இந்திய வழிகாட்டி நெறி. தொடர்ந்து விபத்து நடக்கும் இடத்துக்குத் தனி விதிவிலக்கு உண்டு. இந்த அளவு வண்டிகள் இல்லாத சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் காலிச் சாலையைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்கமாட்டார்கள். மீறிப் பழகிய பிறகு, நிற்க வேண்டிய நேரத்திலும் மீறுவார்கள். பச்சை இருக்கிறது என்று நம்பி வருபவர்தான் அப்போது அடிபடுவார்.

சிக்னல் அளவுக்கு வண்டிகள் இல்லாத, ஆனால் பலகை மட்டும் போதாத சந்திப்புக்கு உரியது சூரிய ஒளியில் இயங்கும் பிளிங்கர். மஞ்சள் மினுக்கினால் ‘கவனமாகப் போ’. சிவப்பு மினுக்கினால் ‘நின்று பார்த்துப் போ’. பிரதான சாலைக்கு மஞ்சளும் கிளைச்சாலைக்குச் சிவப்பும் காட்டும்படி வைப்பதே சரி. கரண்ட் போனாலும் எரியும், செலவும் குறைவு. பேட்டரி செத்துப்போன பிளிங்கர்களும் கம்பத்தோடு நிற்கின்றன. மாற்ற வேண்டியது யார் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

யாருடைய சாலை என்பதைப் பொறுத்தே யாரிடம் கேட்பது என்பதும் அமையும். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை ஆகியவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் உள்ளாட்சியின் பொறுப்பு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் ‘இன்ன இடத்தில் இன்ன பலகை’ என்று குறிப்பாகத் தீர்மானம் போடலாம். வேகத்தடை வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதைவிட, விபத்து நடந்த இடங்களையும் தேதிகளையும் எழுதிக் கொடுப்பது அதிகாரிக்கும் உதவும்.

சட்டமும் பக்கபலமாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 116ஆவது பிரிவு போக்குவரத்துக் குறிகளைப் பற்றியது. குறியை மறைக்கும் விளம்பரத்தையும், குறியைப் போலவே தோற்றம் காட்டிக் குழப்பும் விளம்பரத்தையும் அகற்றக் காவல்துறை உயரதிகாரிக்கு அது அதிகாரம் தருகிறது. காதுகுத்து பேனரும் கட்சி பேனரும் முக்கோணப் பலகையின் கம்பத்திலேயே கட்டப்படும் ஊர்களில் இந்தப் பிரிவு அதிகம் தெரியவேண்டிய ஒன்று. குறியை வேண்டுமென்றே அகற்றுவதும் சிதைப்பதும் குற்றம். தவறுதலாக வண்டி மோதிப் பலகை சேதமானால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பலருக்குத் தெரியாத விதி இது. குறிகளுக்குக் கட்டுப்பட வேண்டிய கடமையை 119ஆவது பிரிவு ஓட்டுநர் மேல் வைக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 198அ பிரிவு மறுபக்கத்தைக் கேட்கிறது: சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரோ உடலுறுப்போ போனால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடும் பழைய வழக்கத்துக்கு இது நல்ல மாற்றம்.

கடைசியாக, விபத்து நடந்த பிறகும் உதவும் குறி ஒன்று சாலையோரத்தில் இருக்கிறது. கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று எண் போட்ட சிறு கற்கள் நடப்பட்டிருக்கும். நள்ளிரவில் வயல்வெளி நடுவே 108 ஆம்புலன்ஸை அழைப்பவர் ‘உத்திரமேரூர் ரோட்டில் ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில்’ என்று சொன்னால் வண்டி தேடிக்கொண்டே வரும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் சாலை, கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல்லில் என்ன எண், அருகிலுள்ள சிறு கல்லில் என்ன எண் என்ற மூன்றையும் சொன்னால் 200 மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். புல் மண்டிய சிறு கல்லைத் துடைத்து வெள்ளையடித்து எண்ணைத் திரும்ப எழுத ஒரு சாலைப் பணியாளருக்குக் கால்மணி நேரம் போதும்.